மூன்றாம் வகை மடத்தனம்

அந்த வாரப் பத்திரிகை அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்கு ஏறி வருகிறவர்கள், படிக்கட்டை ஒட்டிய அறையை எட்டிப் பார்த்து, "தராசு அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பட்டத்தைச் சூட்டியவர் பக்கம் வடிவமைக்கும் ஓவியர். சூட்டிப் பதினைந்து வருடம் ஆகிவிட்டதால் இனி அது கழலாது. தபாலில் வந்து குவியும் சிறுகதைகளையும் தொடர்கதைகளையும் முதல் ஆளாகப் படித்து, ஆசிரியர் மேஜைக்குப் போக வேண்டியது எது, எழுதியவருக்கே திரும்பிப் போக வேண்டியது எது என்று பிரிப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். முக்காலே மூணுவீசம் திரும்பித்தான் போகும்.

மற்ற பத்திரிகைகளில் திருப்பி அனுப்பும்போது அச்சடித்த வருத்தக் குறிப்பு ஒன்றைச் செருகுவார்கள். அவள் தன் கையால் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றை வைப்பாள். அதில் ஓர் எண் இருக்கும், கூடவே ஒரு வரி. அந்த எண்ணுக்கு அர்த்தம் அவளுடைய நீளமான நோட்டுக்குள் இருந்தது. கதைகளில் வருகிறவர்கள் பண்ணும் மடத்தனங்களை அவள் அதில் வகை பிரித்து வைத்திருந்தாள்.

முதல் வகை, கதைக்காகப் புத்தி மழுங்குவது. ஏழு அத்தியாயம் வரை ஊருக்கே யோசனை சொன்ன துப்பறிவாளன், எட்டாவதில் கொலைகாரன் வீட்டுக்கு யாரிடமும் சொல்லாமல் தன்னந்தனியாகக் கிளம்புவான். அவனுக்கு மூளைக்கோளாறு ஒன்றும் கிடையாது. எழுதியவருக்கு ஒன்பதாவது அத்தியாயம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இரண்டாம் வகை, போகாதே என்ற இடத்துக்கே போவது. மாடியில் சத்தம் கேட்கும், விளக்கு எரியாது, கதாநாயகிக்கு மட்டும் ஏறிப் பார்க்கக் கால் பரபரக்கும். நான்காம் வகையில் ஒரு தெருவே கூட்டாகச் சேர்ந்து மடத்தனம் பண்ணும். ஒரே ஒருத்தருக்கு மண்டை வேலை செய்திருந்தால் மூன்றாம் பக்கத்தில் கதை முடிந்திருக்கும். ஐந்தாவது வில்லன்களின் தனிச்சொத்து: கையில் சிக்கியவனைக் கட்டிப்போட்டுவிட்டு, தன் திட்டத்தை ஒன்று விடாமல் அவனுக்கே விளக்கிக்கொண்டு நிற்பது. ஆறாவதை மட்டும் அவள் மன்னிப்பாள். ஆள் பிறவியிலேயே அப்படி. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அதே அவசரம், அதே வெகுளித்தனம். "அது குணம். குணத்துக்கு நான் சீட்டு எழுத மாட்டேன்" என்பாள்.

ஓவியர் ஒரு நாள் மழையில் தொப்பலாக நனைந்து வந்தார். குடை அவர் கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"இது எத்தனாவது வகை, அக்கா?"

"ஆறு. போய்த் தலையைத் துவட்டுங்க."

மூன்றாம் வகையைப் பற்றி மட்டும் அவளிடம் யாரும் வேடிக்கை பேச முடியாது. அதற்கு அவள் வைத்த பெயர் 'நீட்டாத கை'. விடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒரு வார்த்தை கேட்டால் போதும், ஒரு கதவைத் தட்டினால் போதும், சந்தேகம் தீர்ந்துவிடும். ஆனால் அந்தக் கணவனோ மனைவியோ கேட்கவே மாட்டார்கள். நாற்பது வாரத்துக்குக் கண்ணீர் விடுவார்கள். அப்படிப்பட்ட கையெழுத்துப் பிரதி ஒன்று வந்துவிட்டால் அவளுக்கு மூக்கு விடைத்துவிடும். சீட்டில் பேனா அழுந்தி மறுபக்கம் தெரியும்.

அந்தக் கோபத்துக்கு வேர் வீட்டில் இருந்தது. அவளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, ஒரு காலை நேரத்தில் அப்பா ஒரு பையோடு வீட்டை விட்டுப் போனார். திரும்பவே இல்லை. வேறோர் ஊரில் பார்த்ததாக இரண்டு முறை யாரோ வந்து சொன்னார்கள், பிறகு அதுவும் நின்றுபோயிற்று. அம்மா அப்போது வீட்டில்தான் இருந்தாள். பையோடு போகிற மனிதரை எங்கே போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு நிறுத்தாத பெண்பிள்ளை உண்டா? மகள் பன்னிரண்டு வயதில் கேட்டாள், இருபதில் கேட்டாள், முப்பதில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "நீ ஏம்மா கேக்கல?" அம்மா பதில் சொன்னதில்லை. எழுந்து போய் ஏதாவது பாத்திரத்தைக் கழுவுவாள். இப்போது மகளுக்கு ஐம்பத்தொன்று, அம்மாவுக்கு எழுபத்தெட்டு. இரண்டு அறை வீட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, அந்த ஒரு விஷயத்தைச் சுற்றி நடந்துகொண்டு, காலத்தை ஓட்டினார்கள்.

அந்த வருடம் ஒரு தொடர்கதை வந்தது. கோடு போட்ட மூன்று நோட்டுகளில், நிறுத்தி நிதானமாக எழுதிய எழுத்து. கதாநாயகன் ஓர் ஆலையில் மெக்கானிக். வேலைக்காக வெளியூரில் இருக்கிறவன். அப்பா இறந்த செய்தி கேட்டுப் புறப்படுகிறான், வழியில் பஸ் கெட்டுப்போகிறது. நான்கு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேரும்போது, அண்ணன் காத்திராமல் அடக்கத்தை முடித்துவிட்டிருக்கிறான். நாலு பேர் முன்னால் தம்பி ஒரு சொல் சொல்ல, அண்ணன் ஒரு சொல் சொல்ல, தம்பி வாசலோடு திரும்பிவிடுகிறான். ஆறு மாதம் கழித்து அண்ணனிடமிருந்து கடிதம் வருகிறது. அதை அவன் பிரிக்கவில்லை. சில மாதம் கழித்து, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்ததை யாரோ உறவினர் சொல்லித் தெரிந்துகொள்கிறான். பெற்ற அம்மாவின் ஆபரேஷனைக்கூட மறைத்துவிட்டார்களே என்று மனம் இன்னும் இறுகுகிறது. பிறகு அண்ணனும் இறந்துபோகிறான். கடிதம் ஒன்பது வருடமாகப் பிரிக்கப்படாமலே இருக்கிறது. கதை அங்கே முடிந்துவிடுகிறது.

எழுத்து சுத்தமாக இருந்தது. அதனாலேயே எரிச்சல் கூடிற்று. அவள் சீட்டு எழுதினாள்: '3. உறையைப் பிரித்தால் முடிந்துபோகும் கதை. ஒருவன் ஒன்பது வருடம் பிரிக்காமல் இருப்பான் என்பதை எந்த வாசகரும் நம்ப மாட்டார்.' நோட்டுகளைக் கட்டி அனுப்பிவிட்டு அடுத்த கட்டை எடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து, முற்பகலில், ஒருவர் அறை வாசலில் வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டியவர். சாம்பல் நிறச் சீருடைச் சட்டை, பாக்கெட்டுக்கு மேல் ஓர் ஆஸ்பத்திரியின் சின்னம்.

"மேடம், இந்தச் சீட்டு நீங்க எழுதினதுங்களா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். தன் கையெழுத்துதான். திருப்பி அனுப்பியதற்குச் சண்டை போட வருகிறவர்கள் உண்டு. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"சண்டை போட வரலைங்க," என்றார் அவர், அவள் மனதைப் படித்ததுபோல. "ஆஸ்பத்திரியில லிஃப்ட் ஓட்டறேன். ரெண்டு மணிக்குத்தான் ட்யூட்டி. மூணுன்னு போட்டிருக்கீங்களே, அது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

இருபத்திரண்டு வருடத்தில் அதை யாரும் நேரில் வந்து கேட்டதில்லை. அவள் எதிர் நாற்காலியைக் காட்டி, நோட்டைத் திறந்து வைத்து, ஆறு வகைகளையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். வில்லனைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவும் சிரித்தார். மூன்றாவதை அவள் கடைசியாகச் சொன்னாள்.

"கை நீட்டினா எட்டுற தூரத்துல பதில் இருக்கு. உங்க ஆளு நீட்டவே மாட்டேங்கிறான். ஒன்பது வருஷத்துல ஒரு தடவைகூடவா தோணாதுன்னு படிக்கிறவங்க கேப்பாங்க சார்."

"தோணும் மேடம். தினம் தோணும்."

அவர் மடியில் வைத்திருந்த பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் ஒரு தபால் கவர். ஓரங்கள் பழுத்து மஞ்சளாகியிருந்தன. முகவரி எழுதிய மை மங்கியிருந்தது. ஒட்டிய இடம் ஒட்டியபடியே இருந்தது.

அவள் குனிந்து கவரைப் பார்த்தாள். "கதையில வர்றது..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"மெக்கானிக்னு மாத்திக்கிட்டேன். லிஃப்ட்காரனை யார் படிப்பாங்க?" கவரை மேஜையின் ஓரத்தில் வைத்தார். "மேல இருக்கிறது அண்ணி கையெழுத்து. அண்ணனுக்கு எழுத்து அவ்வளவா வராது, அவங்கதான் எழுதிக் கொடுப்பாங்க. வந்த அன்னிக்குக் கோவத்துல பிரிக்கல. இவன் என்ன எழுதிக் கிழிச்சுடப் போறான்னு தூக்கிப் போட்டேன். ரெண்டு மூணு மாசத்துல கோவம் ஆறிடுச்சு. அப்போ ரோஷம். அம்மா ஆபரேஷனைச் சொல்லலைன்னு தெரிஞ்சதும் அந்த ரோஷம் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. ரெண்டு வருஷம் போனதும் அதுவும் இல்ல, வெக்கமாயிடுச்சு. இத்தனை நாள் கழிச்சுப் பிரிச்சுட்டு, என்னன்னு பதில் போடுறது? அப்புறம் அண்ணன் போயிட்டான். மாரடைப்பு. போய் நாலு பேரோட நாலு பேரா நின்னுட்டு வந்தேன். அன்னிலேருந்து பயம்."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"நீங்க இதை ஒரு மடத்தனம்னு எண்ணிட்டீங்க மேடம். மடத்தனம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா நான் ஒரே மடத்தனத்தை ஒன்பது வருஷம் பண்ணல. இது போனா அது, அது போனா இன்னொண்ணுன்னு பண்ணியிருக்கேன். வெளியிலேருந்து பாக்கிறவங்களுக்குப் பிரிக்காத கவர் ஒண்ணுதான் தெரியும்."

"இப்பவாவது பிரிச்சுடலாமே?" பழக்கம், அவளை மீறி வாயில் வந்துவிட்டது.

அவர் கவரை எடுத்துப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகச் செருகினார். "உங்க முன்னாடி பிரிச்சுக் காட்ட நான் வரலைங்க," என்றார் மெதுவாக.

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. எழுந்து நின்று, "நோட்டு மூணையும் திரும்பக் கொண்டாங்க. நான் சரியாப் படிக்கல," என்றாள். அவர் பையிலிருந்தே எடுத்து வைத்தார். கையோடு கொண்டுவந்திருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா அடுக்களையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கைகால் கழுவிவிட்டு வந்து எதிரே தரையில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள். சற்று நேரம் இருவரும் ஆய்ந்தார்கள்.

"அம்மா, அப்பா போன அன்னிக்கு என்னம்மா நடந்தது?"

அம்மாவின் கை நின்றது. பாத்திரம் கழுவ எழுந்துவிடுவாள் என்று அவள் நினைத்தாள். அம்மா எழவில்லை.

"அடுப்புல பால் இருந்தது," என்றாள் அம்மா. "பொங்கி வர்ற நேரம். அவர் பையோட வாசல்ல நின்னு செருப்பு மாட்டிட்டிருந்தார். மத்தியானம் சாப்பிட வருவீங்களான்னு கேட்டேன். வரேன்னார். நான் திரும்பிப் பாலை இறக்கினேன்."

"கேட்டியா? நீ கேட்டியா?"

"கேட்டேனே. அவருக்கும் சேர்த்துத்தானே சோறு வடிச்சேன் அன்னிக்கு."

"நாப்பது வருஷமா ஏம்மா இதைச் சொல்லல?"

அம்மா ஒரு காம்பை உருவி, இலையைத் தனியே போட்டாள். "நீ ஏன் கேக்கல, ஏன் கேக்கலன்னுதான்டீ கேட்ட. கேட்டியான்னு ஒரு நாளும் கேக்கலையே. குத்தவாளிக் கூண்டுல நிக்க வச்சுக் கேக்கிறவகிட்ட என்னத்தைச் சொல்ல?" பிறகு, குரலை இறக்கி, "சொல்லியிருந்தாலும் உனக்கு அது பத்தியிருக்காது. வேற வார்த்தை கேட்டிருக்கணும்னு சொல்லியிருப்ப," என்றாள்.

அது உண்மைதான். அவள் கீரையை ஆய்ந்தாள். கண் நிறைந்து இலையும் காம்பும் கலங்கித் தெரிந்தன. அம்மா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல, காம்பையும் சேர்த்துப் போடாதே என்று மட்டும் சொன்னாள்.

அந்த வார இறுதியில் மூன்று நோட்டுகளையும் முதலிலிருந்து படித்தாள். கோபம் ரோஷமாகிற இடம் நான்காவது அத்தியாயத்தில் இருந்தது. வெட்கம் ஏழாவதில். எல்லாம் எழுதித்தான் இருந்தது. உறை எப்போது பிரியும் என்று காத்துக்கொண்டே படித்ததில் அவள் கண்ணுக்கு அது படவில்லை. திங்கட்கிழமை நோட்டுகளோடு ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"இது நீங்க திருப்பி அனுப்பினதில்ல?" என்றார் ஆசிரியர்.

"ஆமா சார். தப்பாப் படிச்சுட்டேன்."

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சேர்ந்த நாளா இந்த வார்த்தையை உங்க வாயில நான் கேட்டதில்ல." இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "போடலாம். ஆனா கடைசி வாரம் அவன் அதைப் பிரிச்சாகணும். இல்லைன்னா வாசகர்கள் நம்ம ஜன்னலைக் கல்லால அடிப்பாங்க."

லிஃப்ட்காரருக்கு அவள் அதை எழுதிப் போட்டாள். நிபந்தனை ஆசிரியருடையது, கட்டாயம் ஏதும் இல்லை என்றும் சேர்த்து எழுதினாள். பதில் வரவில்லை. ஒரு மாதம் ஓடிற்று. தன் கேள்வியால் அவரை நோகடித்துவிட்டோமோ என்று அவள் தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலைப் பார்த்தாள்.

பிறகு ஒரு நாள் அவரே வந்தார். நாற்காலியைக் காட்டுமுன்பே உட்கார்ந்துவிட்டார். ஆள் இளைத்திருந்தார்.

"அண்ணி வீட்டுக்குப் போனேன் மேடம். அம்மா அங்கேதான் இருக்காங்க. அண்ணன் போனதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை போவேன், தண்ணி குடிச்சுட்டு வந்துடுவேன். இந்தத் தடவை கவரை எடுத்து அண்ணி முன்னாடி வச்சேன்."

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் கோத்துக்கொண்டாள்.

"அண்ணி எடுத்துப் பார்த்தாங்க. திருப்பிப் பார்த்தாங்க. நீ இதைப் பிரிக்கவே இல்லையான்னாங்க. இல்ல அண்ணின்னேன். அப்படியே சுவத்துல சாஞ்சுட்டாங்க. அவங்கதானே எழுதினது, உள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்கு மனப்பாடம். பிரிக்காமலே சொன்னாங்க." அவர் அதை அப்படியே சொன்னார். "அம்மாவுக்குக் கண்ணுல ஆபரேஷன், இன்ன தேதி, நீ பக்கத்துல இருந்தா அம்மா தைரியமா இருப்பா, வா. அவ்வளவுதான் மேடம். அரைப் பக்கம். சண்டையைப் பத்தி ஒரு வரி கிடையாது."

அடுத்த அறையில் யாரோ தொலைபேசியில் விளம்பர அளவு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஆபரேஷனைச் சொல்லலைன்னுதானே நான் அத்தனை வருஷம் முறுக்கிக்கிட்டிருந்தேன். அதைச் சொல்ற கடுதாசி என் டிரங்குப் பெட்டியில இருந்திருக்கு. சரி, அது என் தலையெழுத்து. அவங்க நினைச்சதுதான் மேடம் தாங்கல. நான் படிச்சுட்டுத்தான் வரலைன்னு நினைச்சிருக்காங்க. மூணு பேரும். அம்மா ஆஸ்பத்திரிக் கட்டில்ல, அவன் படிச்சிருப்பான்ல, படிச்சிருப்பான்லன்னு கேட்டுட்டே இருந்தாங்களாம். அண்ணன் சாகிற வரைக்கும் அப்படியே நினைச்சுட்டுப் போயிட்டான். அவங்களும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா நான் ஆமான்னு சொல்லிடுவேனோன்னு பயமாம்."

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"அண்ணி சொன்னாங்க. அம்மா என்னைக் கிட்ட கூப்பிட்டு முகத்தைத் தடவிப் பார்த்தாங்க. அட முட்டாப்பயலேன்னாங்க. அப்புறம் ரொம்ப நேரம் கையை விடல."

அவர் அழவில்லை. அவள்தான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஓவியர் ஏதோ கேட்க உள்ளே வந்து, இருவரையும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் இரண்டு தேநீர் வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஆசிரியருக்கு விஷயம் தெரிந்ததும் கண் விரிந்தது. இதைவிட நல்ல முடிவு கிடைக்குமா, கடைசி வாரத்தில் அண்ணி அந்த அரைப் பக்கத்தைச் சொல்லட்டும், பத்திரிகை பறந்துவிடும் என்றார். லிஃப்ட்காரர் தலையாட்டி மறுத்துவிட்டார்.

"அது அண்ணியோடது, அம்மாவோடது சார். கதையில வர்றவன் பிரிக்கல. அவனை அப்படியே விட்டுடுங்க. இல்லைன்னா நோட்டைக் கொடுத்துடுங்க."

"கல்லடி படப்போறது நம்ம ஜன்னல்," என்றார் ஆசிரியர் அவளைப் பார்த்து.

"என் ஜன்னல்தான் சார் தெருப் பக்கம். நான் வாங்கிக்கிறேன்," என்றாள் அவள்.

பதினான்கு வாரம் தொடர் வந்தது. கல் வரவில்லை, கடிதம் வந்தது. பாதிப் பேர் கதாநாயகனைக் காய்ச்சி எடுத்திருந்தார்கள். அவனைப் போல ஒரு மண்டைக்கனம் பிடித்தவனைப் படைத்ததற்கு எழுத்தாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் ஒருவர். கொஞ்சம் பேர், அதிகம் இல்லை, வேறு மாதிரி எழுதினார்கள். ஓர் அம்மாள் தன் தங்கையின் தொலைபேசி எண்ணை ஆறு வருடமாகச் சமையலறைச் சுவரில் எழுதி வைத்திருப்பதாக எழுதி, அதற்கு மேல் ஒன்றும் எழுதாமல் கையெழுத்திட்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் கட்டி லிஃப்ட்காரருக்கு அனுப்பினாள். திட்டிய கடிதங்களைத்தான் மாடிக்கு மாடி நிற்கும் இடைவெளியில் திரும்பத் திரும்பப் படிப்பதாகவும், அதில் எதுவும் தப்பாகப் படவில்லை என்றும் அவர் பதில் போட்டார்.

நோட்டில் அவள் ஒன்றையும் அடிக்கவில்லை. முதல் வகைக்கும் ஐந்தாம் வகைக்கும் முன்போலவே சீட்டு போயிற்று. வில்லன்கள் திருந்தவா போகிறார்கள்? மூன்றாம் வகைக்கு மட்டும் எண் போடுவதை விட்டுவிட்டாள். அதற்குப் பதில், 'இவர் கேட்காமல் இருப்பது எந்த நாளிலிருந்து? அன்றைக்கு ஏன், இன்றைக்கு ஏன்? இரண்டையும் எழுதி அனுப்புங்கள், மறுபடி படிக்கிறேன்' என்று நீளமாக எழுத வேண்டியிருந்தது. சீட்டு பெரிதாகி, ஒரு நாளைக்குப் படிக்கும் கதைகளின் எண்ணிக்கை குறைந்தது. பலர் மறுபடி அனுப்பவே இல்லை. அனுப்பியவர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து லிஃப்ட்காரர் தன் அம்மாவை ஆறு வாரத்துக்குத் தன்னோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டார். ஆபரேஷன் நடந்த கண்ணிலும் பார்வை மங்கிவிட்டிருந்தது. தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே கண் டாக்டரிடம் காட்டினார். நான்காவது மாடி. ஒவ்வொரு மாடியில் நிற்கும்போதும், "இறங்கணுமாடா?" என்று அம்மா கேட்டாளாம். டாக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு, அந்தக் கண்ணைச் சொட்டு மருந்தில் காப்பாற்றலாம், மற்றதில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, சில வருடம் முன்பே வந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இதை அவளிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் குரல் நிதானமாகத்தான் இருந்தது.

"அம்மா இப்போ எங்கே?" என்று கேட்டாள்.

"பக்கத்துலதான். லிஃப்டுக்குள்ள என் ஸ்டூல்ல உக்காந்திருக்காங்க. நான் நின்னுக்கிட்டே ஓட்டறேன்," என்றார் அவர். யாரோ மேலிருந்து மணி அடித்தார்கள். அவர் போனை வைத்துவிட்டு லிஃப்டை எடுத்தார்.